தொண்ணூற்றோராம் சங்கீதம்

எங்கள் வீட்டில் இரவு ஜெபம் எப்போதும் பைபிளிலுள்ள ஒரே சங்கீதத்தோடுதான் முடியும். "உன்னதமானவரின் மறைவிலிருக்கிறவன் சர்வவல்லவருடைய நிழலில் தங்குவான்" என்று அம்மா தொடங்கினால், பாயை விரித்துக்கொண்டிருக்கும் கையோடு நாங்களும் சேர்ந்துகொள்வோம். பதினாறு வசனங்களையும் பள்ளிக்கூடம் போவதற்கு முன்பே மனப்பாடமாகச் சொல்லத் தெரியும். திருநெல்வேலிப் பக்கத்துக் கிறிஸ்தவ வீடுகளில் இது அதிசயமல்ல. புது வீட்டு நிலைக்கு மேலே எழுதி மாட்டுவதும், பேறுகாலத்துக்குப் போகிற பெண்ணுக்குத் தலைமாட்டில் உட்கார்ந்து வாசிப்பதும், தொலைதூரப் பயணத்துக்குக் கிளம்பும் பிள்ளைகளைத் திண்ணையில் நிறுத்திச் சொல்லவைப்பதும் பெரும்பாலும் இந்தத் தொண்ணூற்றோராம் சங்கீதமாகத்தான் இருக்கும்.

2021 மே மாதத்தில், கொரோனாவின் இரண்டாம் அலையில், இந்தச் சங்கீதம் கைப்பேசியிலிருந்து கைப்பேசிக்குப் பறந்துகொண்டிருந்தது. காரணம் சொல்லத் தேவையில்லை. "இருளில் நடமாடும் கொள்ளைநோய்க்கும், மத்தியானத்தில் பாழாக்கும் சங்காரத்துக்கும் பயப்படாதிருப்பாய். உன் பக்கத்தில் ஆயிரம்பேரும், உன் வலதுபுறத்தில் பதினாயிரம்பேரும் விழுந்தாலும், அது உன்னை அணுகாது" என்று அதில் எழுதியிருக்கிறது. மே 10-ஆம் தேதி முழு ஊரடங்கு தொடங்கியது. கோயில்கள் பூட்டிக் கிடந்தன. அதற்கு அடுத்த வாரத்தில் அப்பாவை மருத்துவமனையில் சேர்த்தோம். உள்ளே போக எங்களுக்கு அனுமதி இல்லை. நல்ல மனம் கொண்ட ஒரு செவிலியர், தினமும் மாலையில் தம்முடைய கைப்பேசியை அப்பாவின் காதருகே பிடித்துக்கொள்வார். வாசலுக்கு வெளியே வேப்பமரத்தடியில் நின்றுகொண்டு அம்மா சங்கீதத்தை வாசிப்பாள். மறுமுனையில் ஆக்ஸிஜன் ஓடும் சத்தம் மட்டும் கேட்கும். ஆறாவது நாள் மாலையிலும் வாசித்தாள். அன்றிரவு அப்பா இறந்துபோனார். கல்லறைத் தோட்டத்தில் எங்கள் சபைப் போதகரான ஐயரையும் சேர்த்து ஒன்பது பேர்தான் நின்றிருந்தோம்.

சந்தேகத்தைப் பற்றி அதற்கு முன்பு நான் கேட்ட பிரசங்கங்களில், அது ஏதோ வாதம்போலச் சொல்லப்பட்டிருந்தது: கடவுள் இருக்கிறாரா, வேதம் மெய்யா என்று படித்தவர்கள் எழுப்பும் கேள்விகள், அவற்றுக்கான பதில்கள். எனக்கு வந்த சந்தேகத்தில் வாதமே இல்லை. கடவுள் இல்லை என்று ஒரு நாளும் நான் நினைத்ததில்லை. அவர் சொன்ன சொல் என்னிடத்தில் மட்டும் செல்லாமல் போய்விட்டது என்றுதான் நினைத்தேன். துட்டி கேட்க, அதாவது துக்கம் விசாரிக்க, வந்த உறவினர் ஒருவர், இன்னும் கொஞ்சம் விசுவாசத்தோடு ஜெபித்திருக்கலாம் என்று சொல்லிவிட்டுப் போனார். வேறொரு குடும்பம், தங்கள் வீட்டில் நாலு பேருக்கும் குணமானதற்கு இந்தச் சங்கீதத்தையே காரணமாகக் காட்டி, சபையின் வாட்ஸ்அப் குழுவில் சாட்சி எழுதியிருந்தது. அவர்களுடைய மகிழ்ச்சியில் தவறு ஏதுமில்லை. ஆனால் அதை வாசித்தபோது, அவர்கள் பக்கத்தில் விழுந்த அந்த ஆயிரம் பேரில் ஒருவர் என் அப்பா என்று தோன்றியது. அன்று குழுவிலிருந்து விலகினேன். இரவு ஜெபத்துக்கும் உட்காருவதை நிறுத்திக்கொண்டேன். அம்மா ஒன்றும் சொல்லவில்லை. அவள் தனியாக வாசித்தாள். நான் அடுத்த அறையில் கேட்டுக்கொண்டு கிடந்தேன்.

ஞாயிறு ஆராதனைக்கு மட்டும் போய்வந்தேன். போகாவிட்டால் கேள்வி வரும் என்பதுதான் காரணம். விசுவாசப்பிரமாணம் சொல்லும் இடத்தில் எழுந்து நிற்பேன், வாய் அசையும். வெளியே பார்க்கிறவர்களுக்கு எந்த மாற்றமும் தெரிந்திருக்காது. இதை இவ்வளவு விவரமாகச் சொல்வதற்குக் காரணம், அடுத்து வந்த சோதனை இந்த வாசல் வழியாகத்தான் வந்தது என்பதே.

நான் ஓர் உள்ளாட்சி அலுவலகத்தில் ஓவர்சியராக வேலை பார்க்கிறேன். வாறுகால் என்கிற கழிவுநீர்க் கால்வாய், சிமெண்ட் ரோடு, சிறு பாலங்கள் ஆகியவை என் பொறுப்பு. ஒப்பந்தக்காரர் செய்த வேலையை அளந்து எம்-புக் என்று நாங்கள் சொல்லும் அளவுப் புத்தகத்தில் எழுதவேண்டும். அதில் எழுதியிருக்கும் அளவுக்குத்தான் பில் போகும். பக்கங்களுக்கு எண் இட்டிருக்கும், மையால் எழுதவேண்டும், அழிக்கக் கூடாது. நிதியாண்டு மார்ச் 31-இல் முடிவதால் அந்த மாதம் முழுவதும் பில் அவசரம். எங்களைப் போன்றவர்களுக்குச் சோதனையின் காலமும் அதுதான். ஈஸ்டருக்கு முந்தைய தபசு காலமான லெந்து நாட்களும் பெரும்பாலும் அதே மாதத்தில் வருவதைப் பல வருடங்களாக வெறும் தற்செயலாகத்தான் எடுத்துக்கொண்டிருந்தேன்.

2022-இல் லெந்து தொடங்கும் சாம்பல் புதன் மார்ச் 2-ஆம் தேதி. அதற்கு மறுநாள் ஒரு வாறுகால் வேலையை அளக்கப் போனேன். அடித்தளக் கான்கிரீட் பத்து சென்டிமீட்டர் இருக்கவேண்டும். மூன்று இடங்களில் ஓரத்தைத் தட்டி, ஸ்டீல் டேப்பை உள்ளே விட்டுப் பார்த்தேன். மூன்றிலும் ஏழைத் தாண்டவில்லை. மேலே பூச்சு முடிந்துவிட்டால் யாரும் பார்க்கப்போவதில்லை. நாலு மழைக்காலம் கழித்துத் தரை உட்காரும்போதுதான் தெரியும். குறிப்பேட்டில் பென்சிலால் எழுதிக்கொண்டு வந்துவிட்டேன், எம்-புக்கைத் திறக்கவில்லை.

மறுநாள் சாயங்காலம் அந்த ஒப்பந்தக்காரர் வீட்டுக்கு வந்தார். வயதில் மூத்தவர், நிதானமாகப் பேசுகிறவர். அளவைப் பற்றி ஒரு வார்த்தையும் பேசவில்லை. அப்பாவின் படத்துக்கு முன்னால் கொஞ்ச நேரம் நின்றார். அல்வாப் பெட்டி ஒன்றை மேசைமேல் வைத்துவிட்டு, "அப்பா துட்டிக்கு வர முடியல சார், ஊரடங்கு. ஆஸ்பத்திரிச் செலவு என்னன்னு எங்களுக்கும் தெரியும். மறுக்கக் கூடாது" என்று சொல்லிவிட்டுப் போனார். பெட்டிக்கு அடியில் பழுப்பு நிறக் கவர் இருந்தது. என் இரண்டு மாதச் சம்பளத்துக்குக் கொஞ்சம் அதிகம். அம்மாவின் தாலிச் சங்கிலியும் வளையல்களும் அப்போது அடகில் இருந்தன.

அந்தப் பணம் லஞ்சமாக வந்திருந்தால் எளிதாக இருந்திருக்கும் என்று நினைக்கிறேன். அது ஆறுதலாக வந்தது. அப்பாவின் பெயரைச் சொல்லிக்கொண்டு வந்தது. அதைவிட முக்கியமானது, எனக்குள்ளே அதற்கு ஒரு நியாயம் ஏற்கெனவே தயாராக இருந்தது. கவரை பீரோவில் துணிகளுக்கு அடியில் வைத்தபோது நான் சொல்லிக்கொண்ட வார்த்தைகள் இன்னும் நினைவிருக்கின்றன: கடவுள் தம்முடைய பக்கத்தைக் காப்பாற்றவில்லை, நான் மட்டும் எதற்காக என் பக்கத்தைக் காப்பாற்றவேண்டும்? பதினான்கு வருட வேலையில் ஒரு ரூபாய் வாங்கியதில்லை என்பதை, என்னை அறியாமலேயே, கடவுளோடு செய்துகொண்ட உடன்படிக்கையின் என் பங்காக எண்ணி வந்திருக்கிறேன் என்பது அப்போதுதான் எனக்கே தெரிந்தது.

எழுபத்துமூன்றாம் சங்கீதத்தில் அதைப் பாடிய ஆசாப் இதையே சொல்லியிருக்கிறான்: "நான் விருதாவாகவே என் இருதயத்தைச் சுத்தம்பண்ணி, குற்றமில்லாமையிலே என் கைகளைக் கழுவினேன்." கையைக் கழுவியது வீண் என்று தோன்றிவிட்டால், அழுக்காக்குவதற்கு அதிக நேரம் ஆகாது. ஏதேனில் நடந்ததும் இதே வரிசைதான். பாம்பு கனியை எடுத்துக் கையில் கொடுக்கவில்லை. "தேவன் சொன்னது உண்டோ" என்றுதான் முதலில் கேட்டது. அவர் நல்லவர்தானா என்ற ஐயம் உள்ளே போன பிறகு, கையை நீட்டுவதை ஏவாள் தானே செய்துகொண்டாள். சந்தேகம் அறிவைச் சேர்ந்தது, சோதனை ஆசையைச் சேர்ந்தது என்று பிரித்துப் பேசுகிறவர்களோடு என்னால் ஒத்துப்போக முடிவதில்லை. என் வீட்டில் அவை இரண்டும் ஒன்றின் கையை மற்றொன்று பிடித்துக்கொண்டு வந்தன.

மார்ச் 6, லெந்தின் முதல் ஞாயிறு. எங்கள் கோயிலில் மத்தேயு நான்காம் அதிகாரம் வாசிக்கப்பட்டது. சிறு வயதிலிருந்து எத்தனையோ முறை கேட்ட பகுதி. கவர் பீரோவில் இருக்க, நான் வழக்கமான தூணோரத்தில் உட்கார்ந்திருந்தேன். இரண்டாவது சோதனை வந்தது. பிசாசு இயேசுவைத் தேவாலயத்து உப்பரிகையின்மேல் நிறுத்தி, "நீர் தேவனுடைய குமாரனேயானால் தாழக்குதியும், ஏனெனில், தம்முடைய தூதர்களுக்கு உம்மைக்குறித்துக் கட்டளையிடுவார், உமது பாதம் கல்லில் இடறாதபடிக்கு, அவர்கள் உம்மைக் கைகளில் ஏந்திக்கொண்டு போவார்கள் என்பதாய் எழுதியிருக்கிறது" என்று சொல்லுகிறான். எங்கே எழுதியிருக்கிறது? தொண்ணூற்றோராம் சங்கீதத்தில், பதினோராம், பன்னிரண்டாம் வசனங்களில். நாற்பது வயதுவரை இரண்டு பகுதிகளையும் மனப்பாடமாக வைத்திருந்தும், ஒன்றோடொன்றைச் சேர்த்துப் பார்த்ததே இல்லை. என் அம்மா வேப்பமரத்தடியில் நின்று வாசித்த அதே சங்கீதம், பிசாசின் வாயிலும் இருந்திருக்கிறது.

அன்று பிரசங்கம் என்னவாக இருந்தது என்பது நினைவில்லை. நான் பைபிளைத் திருப்பி இரண்டு இடங்களையும் மாறிமாறிப் பார்த்துக்கொண்டிருந்தேன். சங்கீதத்தில் "உன் வழிகளிலெல்லாம் உன்னைக் காக்கும்படி" என்று இருக்கிறது. மத்தேயு எழுதியிருக்கிறபடி, பிசாசு அந்தச் சொற்களை விட்டுவிட்டுச் சொல்லுகிறான். நடந்துபோகிற வழியில் கூடவே வருகிற ஒருவரைப் பற்றிய வாக்கை, குதித்துப் பார்த்து நிரூபிக்கவேண்டிய உத்தரவாதமாக மாற்றிவிடுகிறான். அதற்கு இயேசு சொன்ன பதில் பழைய ஏற்பாட்டின் உபாகமம் ஆறாம் அதிகாரத்திலிருந்து வருகிறது: "உன் தேவனாகிய கர்த்தரைப் பரீட்சை பாராதிருப்பாயாக." மூன்று சோதனைகளுக்கும் அவர் உபாகமத்திலிருந்துதான் பதில் எடுக்கிறார். தம்முடைய சொந்த வார்த்தையாக எதையும் சொல்லி வாதாடவில்லை. நாற்பது நாள் பசியோடிருந்தவர், சிறுவயதில் கேட்டு வளர்ந்த வசனத்தின்மேல் சாய்ந்துகொள்கிறார்.

உபாகமத்தில் அந்த வசனத்திலேயே "மாசாவிலே செய்ததுபோல" என்று ஓர் இடப்பெயர் வருகிறது. மாசா என்பது யாத்திராகமம் பதினேழாம் அதிகாரத்தில் இஸ்ரவேலர் தண்ணீரில்லாமல் முறுமுறுத்த இடம். "கர்த்தர் எங்கள் நடுவில் இருக்கிறாரா இல்லையா" என்று கேட்டு அவரைப் பரீட்சை பார்த்தார்கள் என்று அங்கே எழுதியிருக்கிறது. பத்து மாதமாக அடுத்த அறையில் படுத்துக்கொண்டு நான் கேட்டுவந்த கேள்வி அதுவேதான். அதே அதிகாரத்தில் கன்மலை பிளந்து தண்ணீர் வந்தது என்பதையும் பார்த்தேன். கேட்டவர்களுக்குத் தண்ணீர் மறுக்கப்படவில்லை. இருந்தாலும், அந்தக் கேள்வியை என்ன செய்வது என்று அன்றும் எனக்குத் தெரியவில்லை. வீட்டுக்கு வந்தபோது கவர் அங்கேயேதான் இருந்தது. கோயிலில் ஒரு வெளிச்சம் வந்தது, உடனே போய்த் திருப்பிக் கொடுத்தேன் என்று எழுத ஆசைதான். நடந்தது அப்படியல்ல.

அன்றிரவு அம்மா வாசிக்கும் சத்தம் கேட்டு எழுந்து போனேன். ஜெபத்துக்காகப் போகவில்லை, சண்டைக்காகப் போனேன் என்றுதான் சொல்லவேண்டும். "இத ஏன் இன்னும் வாசிக்கீங்க?" என்று கேட்டேன். மூக்குக்கண்ணாடியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டு என்னைப் பார்த்தாள்.

"எனக்கும் ஒண்ணும் வெளங்கலய்யா. உங்க அப்பா கடைசியா கேட்ட சத்தம் இதுதான. இப்ப நான் நிறுத்திட்டா, அன்னைக்கு அவுகளுக்குப் பொய் வாசிச்ச மாதிரி ஆயிரும்லா."

பிறகு விரலால் தடவிக் காட்டி, பதினைந்தாம் வசனத்தை என்னையே வாசிக்கச் சொன்னாள். "அவன் என்னை நோக்கிக் கூப்பிடுவான், நான் அவனுக்கு மறுஉத்தரவு அருளிச்செய்வேன், ஆபத்தில் நானே அவனோடிருந்து..." அதற்குமேல் வாசிக்க முடியவில்லை. ஆபத்தே வராது என்று சொல்கிற சங்கீதமாகத்தான் அதை ஆயுள் முழுக்கச் சொல்லி வந்திருந்தேன். ஆபத்தில் கூட இருப்பேன் என்று சொல்கிற சங்கீதமும் அதுதான் என்பது காதில் விழவே இல்லை. அந்தத் தீவிர சிகிச்சைப் பிரிவுக்குள் போக எங்கள் எவருக்கும் அனுமதி இல்லை, கர்த்தருக்கு இருந்திருக்கும். இது எல்லாக் கேள்விக்கும் பதில் என்று நான் சொல்லவில்லை. "அது உன்னை அணுகாது" என்கிற ஏழாம் வசனம் ஏழாம் வசனமாகவே இருக்கிறது.

மறுநாள் காலை, அலுவலகத்துக்குப் போகும் முன்பு, ஒப்பந்தக்காரர் வீட்டுக்குப் போய்க் கவரைக் கொடுத்தேன். "அண்ணாச்சி, நீங்க துட்டி கேட்டதா மனசுல வச்சுக்கிடுதேன். இது வேண்டாம்" என்றேன். அவர் கோபப்படவில்லை, வாங்கி வைத்துக்கொண்டார். அலுவலகத்தில் எம்-புக்கைத் திறந்து, கனம் என்ற கட்டத்தில், சைபர் புள்ளி சைபர் ஏழு மீட்டர் என்று எழுதினேன். பேனா பிடித்த கை நடுங்கியது; அந்தப் பக்கத்தில் ஏழின் வால் கொஞ்சம் இழுத்துக்கொண்டிருக்கும். அந்த மார்ச்சில் பில் போகவில்லை. ஜூன் மாதம் என்னை வேறு பிரிவுக்கு மாற்றினார்கள். நகைகளை மீட்க 2024 ஆயிற்று. இதற்கிடையே எந்த அற்புதமும் நடக்கவில்லை என்பதைச் சொல்லியாக வேண்டும். விசுவாசத்தில் நின்றவனுக்குப் பண ஆசீர்வாதம் தானாக வந்து சேரும் என்ற பேச்சு, பிசாசு உப்பரிகையில் சொன்னதற்கு மிக அருகில் இருப்பதாகவே எனக்குப் படுகிறது.

அந்த வருடம் பெரிய வெள்ளி ஏப்ரல் 15. பன்னிரண்டு மணியிலிருந்து மூன்று மணிவரை நடக்கும் மும்மணி ஆராதனையில் மத்தேயு இருபத்தேழாம் அதிகாரம் வாசித்தார்கள். சிலுவையைக் கடந்து அந்த வழியாய் நடந்துபோகிறவர்கள், "நீ தேவனுடைய குமாரனானால் சிலுவையிலிருந்து இறங்கி வா" என்கிறார்கள். உப்பரிகையில் கேட்ட அதே சொற்கள். வனாந்தரச் சோதனை முடிந்தபோது பிசாசு "சிலகாலம்" அவரைவிட்டு விலகிப்போனான் என்று லூக்கா எழுதியிருப்பதன் பொருள் அங்கே புரிந்தது. அந்தக் குரல் திரும்பி வந்திருக்கிறது. இந்த முறை தூதர்கள் வரவில்லை. பாதம் கல்லில் இடறவில்லை, ஆணியால் துளைக்கப்பட்டது. அவரும் "ஏன் என்னைக் கைவிட்டீர்" என்று கேட்டார், அந்த மலைமேல் பதில் வரவில்லை. தொண்ணூற்றோராம் சங்கீதம் என் அப்பாவுக்கு எப்படிப் பலிக்கவில்லையோ, அந்த வெள்ளிக்கிழமை அவருக்கும் அப்படியே பலிக்கவில்லை. "எல்லாவிதத்திலும் நம்மைப்போல் சோதிக்கப்பட்டும்" என்று எபிரெயர் நிருபம் சொல்வதில் இதுவும் அடங்கும் என்று நம்புகிறேன். அந்தக் கோயில் தரையில் உட்கார்ந்து, பதினோரு மாதங்களுக்குப் பிறகு, அப்பாவுக்காக முதல்முறையாக வாய்விட்டு அழுதேன்.

கர்த்தருடைய ஜெபத்தில் "எங்களைச் சோதனைக்குட்படப்பண்ணாமல்" என்று சொல்கிறோம். தமிழில் சோதனை என்ற ஒரே சொல், ஆசை காட்டி இழுப்பதற்கும், துன்பத்தால் புடமிடுவதற்கும் பொதுவாக நிற்கிறது; புதிய ஏற்பாட்டின் கிரேக்கச் சொல்லும் அப்படித்தான். அந்த வரி கடவுளே நம்மைச் சோதனைக்குள் தள்ளுவதுபோல ஒலிக்கிறது என்ற கவலையால் 2017-இல் பிரெஞ்சு மொழியிலும், அதன்பின் இத்தாலியிலும் கத்தோலிக்க வழிபாட்டில் வாசகத்தை மாற்றினார்கள். எனக்கோ, நம் சொல்லின் இரட்டைப் பொருள் நல்லதாகவே படுகிறது. எனக்கு வந்தது எந்த வகைச் சோதனை என்று பிரித்துச் சொல்ல இன்றும் தெரியாது.

ஒரு வசனம் மட்டும் அதைப் பிரிக்காமலே விளக்குகிறது. சீடனாகிய பேதுரு தம்மை அறியேன் என்று மறுதலிக்கப்போகும் இரவில் இயேசு அவனிடம், "கோதுமையைச் சுளகினால் புடைக்கிறதுபோல சாத்தான் உங்களைப் புடைக்கிறதற்கு உத்தரவு கேட்டுக்கொண்டான்" என்று சொல்கிறார். சுளகு, அதாவது முறம், எங்கள் ஊர் வீடுகளில் இன்றும் இருக்கிறது. அம்மா உளுந்து புடைக்கும்போது பார்த்திருக்கிறேன்: மணிக்கட்டு ஒரு வெட்டு வெட்டும், உளுந்து முழுவதும் காற்றில் எழும்பும், தொலி முன்பக்கமாகப் பறக்கும், பருப்பு சடசடவென்று சுளகுக்கே திரும்பி விழும். காற்றில் நிற்கிற அந்தக் கணத்தில் பருப்புக்கும் தொலிக்கும் வித்தியாசம் தெரியாது. பருப்பு தன் முயற்சியால் திரும்புவதும் இல்லை. அடுத்த வரியில் இயேசு, நீ உறுதியாய் நில் என்று பேதுருவிடம் சொல்லவில்லை. "நானோ உன் விசுவாசம் ஒழிந்துபோகாதபடிக்கு உனக்காக வேண்டிக்கொண்டேன்" என்கிறார். அந்தப் பத்து மாதங்களில் என்னிடம் விசுவாசம் இருந்ததா என்று யாராவது கேட்டால், இருந்தது என்று சொல்ல எனக்குத் துணிவில்லை. ஆனால் அடுத்த அறையில் ஒருத்தி நிறுத்தாமல் வாசித்துக்கொண்டிருந்தாள்.

இப்போது இரவு ஜெபத்தில் வாசிப்பது நான்தான். கண்புரை அறுவைச் சிகிச்சைக்குப் பிறகும் அம்மாவுக்குச் சிறு எழுத்து தெரிவதில்லை. முதல் ஆறு வசனங்களையும் தடங்கல் இல்லாமல் வாசித்துவிடுவேன். ஏழாவதில் வந்து குரல் நின்றுவிடும். பல வருடம் ஆகியும் இன்னும் நிற்கிறது. அம்மா காத்திருப்பதில்லை. கண்ணை மூடியபடியே, "உன் பக்கத்தில் ஆயிரம்பேரும்" என்று தொடங்கி, அந்த வசனத்தை அவளே சொல்லி முடிப்பாள். எட்டாவதிலிருந்து நான் வாசிப்பேன்.